மயக்கத்தில் புரையேறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதப் பகுதிக்கு இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் தெருச் சாக்கடைக்காக, மற்றது டவுன் பஸ் நேரத்துக்காக. இரண்டையும் போட்டீர்கள். சாக்கடை மட்டும் சரியானது. இது மூன்றாவது, கொஞ்சம் நீளம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நான் பெருமை பேசும் இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள். காபி விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

1979-இல் அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து 36 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ஆப்பரேஷன் தியேட்டரில்தான். "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா? தண்ணி? காபி? உண்மையச் சொல்லுங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. போன மாதம் பித்தப்பைக் கல்லுக்காக நானே மேஜையில் ஏறிப் படுக்க வேண்டி வந்தது. லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்கிற ஆப்பரேஷன். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, உப்ப வைத்துச் செய்வது. அதனால் முழு மயக்கம். காலை எட்டு மணிக்கு முதல் கேஸாக என்னைப் போட்டிருந்தார்கள்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மருமகள் வழக்கம்போல டம்ளரை நீட்டினாள். நானும் வழக்கம்போல வாங்கினேன். இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஏனென்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், சின்னப் பெண். "அம்மா, கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"ராத்திரி எட்டரைக்கு ரெண்டு இட்லி."

"அதுக்கப்புறம் எதுவும் இல்லையே?"

"இல்லை" என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அந்த ஒரு நொடியில் என் மனம் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். மகன் பெங்களூரிலிருந்து மூன்று நாள் லீவில் வந்திருக்கிறான். இன்ஷூரன்ஸ் அனுமதி இந்தத் தேதிக்குத்தான் வந்திருக்கிறது. மறுநாள் அஷ்டமி, சம்பந்தியம்மா விடமாட்டார். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெண்டே ரெண்டு வாய், அதுவும் மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. தவிர, நான் யார்? 36 வருடம் இதே கேள்வியைக் கேட்டவள். நான் போய் காபி குடித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லிவிட்டேன். "அஞ்சு மணிக்கு ரெண்டு வாய் காபி டாக்டர். பால் காபி." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, பதினொன்னுக்கு மேல வச்சுக்கலாம்" என்றார், முகம் கொஞ்சமும் மாறாமல். சர்ஜனின் முகம் மாறியது. என் மகனின் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம். கடைசியில் பன்னிரண்டேகாலுக்கு உள்ளே போனேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தக் கடிதம். காரணம் தெரிந்த எனக்கே பொய் வாய்வரை வந்ததென்றால், காரணமே தெரியாதவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? இத்தனை வருடம் குறைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். திட்டியும் இருக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நமக்குச் சாப்பிடும்போது புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். உண்மையில் நினைப்பது தொண்டை. சோற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி, இரண்டும் பிரியும் இடத்தில் ஒரு காவல்காரன். ஒரு பருக்கை வழி தவறினால்கூட இருமி, கண்ணில் நீர் வரவழைத்து வெளியே தள்ளிவிடுவான். முழு மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். மயக்கத்தில் புரையேறாது. வயிற்றில் இருப்பது சத்தமில்லாமல் மேலே ஏறி, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கட்டியாக இருந்தால் அடைக்கும். புளித்த நீராக இருந்தால் வயிற்று அமிலம் நுரையீரலையே வெந்துபோக வைக்கும். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர், 1932 முதல் 1945 வரை ஒரு மருத்துவமனையில் நடந்த 44,016 பிரசவங்களின் பதிவேடுகளைப் புரட்டி, மயக்கத்தில் இப்படி ஆன 66 பேரைக் கண்டுபிடித்து 1946-இல் எழுதினார். ஆப்பரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் கண்டிப்பு இறுகியது அதற்குப் பிறகுதான்.

நான் பதிவேட்டில் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்தேன். 1986 என்று நினைவு. ஐந்து வயதுப் பையன், குடலிறக்கம். அம்மாவிடம் கேட்டோம், ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள். அவள் சொன்னது உண்மை. கொடுத்தது பாட்டி. மாஸ்க்கை வைத்து ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவைக் கொடுக்க ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, பையனின் வாயோரத்தில் ஏதோ வழிந்தது. டாக்டர் கத்தினார். பையனை ஒருக்களித்துப் புரட்டி, மேஜையின் தலைப்பக்கத்தை இறக்கி, குழாயால் உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போட்டோம். ஜாடிக்குள் இட்லி, மஞ்சளாகச் சாம்பார், ஒரு முழு மிளகு. அந்த மிளகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆப்பரேஷன் நடக்கவில்லை. மூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான். பிழைத்தது அவன் அதிர்ஷ்டம், அன்று இருந்த டாக்டரின் கை வேகம். பாட்டி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு, "பச்சப்புள்ள பசி தாங்குமா தாயி" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்த அம்மாளிடம் "வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்று சொன்னோமே தவிர, ஏன் என்று யாருமே சொல்லவில்லை.

ஏனென்று சொல்லாவிட்டால் நம் ஆட்கள் அதை விரதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விரதத்துக்கு என்ன சட்டம்? சோறு கூடாது, பால் பழம் கூடும். சஷ்டிக்கு இருப்பதுபோல ஆப்பரேஷனுக்கும் இருந்துவிட்டு, "ஒண்ணுமே சாப்பிடல, ஒரு டம்ளர் பால் மட்டும்தான்" என்பார்கள். சாமி சத்தியமாக அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பால் வயிற்றுக்குள் போய்த் திரிந்து கட்டியாகிவிடும். மயக்க மருந்தின் கணக்கில் அது தண்ணீரில் சேராது, சோற்றில்தான் சேரும். ஆறு மணி நேரம். இட்லி, ரொட்டி போன்ற லேசான சாப்பாட்டுக்கும் ஆறு. பிரியாணி, பூரி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் நாலு. வெறும் தண்ணீருக்கும் பால் விடாத காபிக்கும் இரண்டே மணி நேரம் போதும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும், இப்போது எடை குறைய ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் வயிறு மெதுவாகக் காலியாகும். அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

இதில் மருத்துவமனைகளின் பங்கும் இருக்கிறது. "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே வசனம். பத்து மணிக்கு நிறுத்திய கிழவருக்கு மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் முறை வரும். பதினாறு மணி நேரம் நாக்கு வறண்டு, சர்க்கரை இறங்கி, கண் சொருகிக் கிடப்பார். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். இப்படித் தேவையில்லாமல் காயப்போட்டால், அடுத்த முறை அவர் எந்தச் சட்டத்தையும் மதிக்கப் போவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் போனது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முதல் நாளே எடுத்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் மயக்கம் கொடுக்கப்போகிற டாக்டர் என்னைப் பார்த்தது தியேட்டர் வாசலில்தான். அதற்கு முன் ரிசப்ஷனிலிருந்து ஒரு போன், "நைட் டென்னுக்கு மேல எதுவும் எடுத்துக்காதீங்க மேடம்." காலையில் நாலு பக்க இங்கிலீஷ் படிவம், பேனாவால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்து. நான் படித்துப் பார்த்தேன். பல் உடையலாம், குரல் கம்மலாம், இன்னும் என்னென்னவோ ஆகலாம் என்று எல்லாம் இருந்தது. படிக்க நேரம் எடுத்துக்கொண்டதற்கு, படிவம் கொண்டுவந்த பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது. என் பக்கத்துக் கட்டிலில் இருந்த கயத்தாற்றுக்கார அம்மா ரேகை வைத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கு தாயி?" என்று என்னிடம் கேட்டார். வைத்த பிறகு.

வாசலில் வைத்து, ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவரிடம், சுற்றி நாலு பேர் நிற்கும்போது கேட்கப்படுகிற கேள்விக்கு என்ன பதில் வரும்? குடி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "குடிப்பீங்களா?" என்றால் மனைவி பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆண்பிள்ளையும் "எப்பவாவது" என்றுதான் சொல்வார். எங்களிடம் ஒரு பழைய டாக்டர் இருந்தார். மனைவியை ஏதாவது சீட்டைக் கொடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லும் ஓய்" என்பார். எப்பவாவது என்பது தினம் இரண்டு குவார்ட்டராக மாறும். இதில் ஒழுக்க விசாரணை எதுவும் இல்லை. தினமும் குடிக்கிற உடம்புக்கு மருந்தின் அளவே வேறு. திடீரென்று நிறுத்தியதால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாததைக் கண்டு, தையலைப் பிய்த்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். முன்னமே தெரிந்தால் அதற்கும் மருந்து உண்டு. மூட்டு வலிக்குப் பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிடும் பொடியும் இப்படித்தான். நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லவில்லை, நானே சுக்குக் கஷாயம் குடிக்கிறவள். ஆனால் பெயர் இல்லாத பொட்டலம் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் அதைத் தின்றவருக்கு மேஜையில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும், காரணம் தெரியாமல் டாக்டர் தவிப்பார்.

ஒரு முறை பெரிய சண்டையே வந்தது. மளிகைக் கடை வைத்திருந்தவர், அப்பெண்டிக்ஸ். டாக்டர் அவரிடம், "நீங்க ஆரிய வைசியரா?" என்று கேட்டுவிட்டார். "வைத்தியம் பார்க்கிற இடத்தில் சாதி கேட்கிறீரா" என்று மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கோபம் நியாயம்தான். டாக்டர் கேட்டதும் நியாயம்தான். தொண்டையில் குழாய் போடுவதற்காகத் தசையைத் தளர்த்த ஸ்கோலின் என்று ஒரு மருந்து போடுவோம். ஐந்து பத்து நிமிடத்தில் தானாகவே தெளிந்துவிடும். தெளிய வைப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்துவந்த அந்தச் சமூகத்தில் அந்த நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு அதே ஊசி மணிக்கணக்கில் தெளியாது, அதுவரை மூச்சை மெஷின்தான் விட வேண்டும். டாக்டர் இதை விளக்கியதும் மளிகைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க அக்காவுக்கு ஒரு ஆப்பரேஷனப்ப ராத்திரி பூரா மெஷின்ல வச்சிருந்தாங்க சார், ஏன்னு சொல்லல" என்றார். அன்று அவருக்கு ஸ்கோலின் போடவில்லை. சாதியைக் கேட்பதைவிட, "உங்க வீட்ல யாருக்காவது ஆப்பரேஷனுக்கு அப்புறம் மூச்சு வர நேரமாச்சா, காய்ச்சல் தாறுமாறா ஏறிச்சா?" என்று எல்லோரிடமும் கேட்பது மேல் என்பது என் கட்சி. எந்தச் சாதியிலும் இது வரலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வீட்டில் ஒரு பெரியம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். வாசலில் வைத்துக் கேட்டால் எப்படி வரும்?

ஆடுகிற பல், கட்டுப்பல், ராத்திரி பலமாகக் குறட்டை விடுவது, பீடி, இவை எல்லாம் இந்த வகைதான். என்னிடம் கழற்றி மாட்டும் பல் ஒன்று, ஆடுகிற பல் இரண்டு. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டினால் போதும். ஆப்பரேஷனில் பயன்படுத்தும் கரண்ட் கருவியால் சூடு படுவது உலோகத்தால்தான், கயிற்றால் இல்லை. விரலில் நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் வேண்டாம். விரலில் மாட்டும் கிளிப் சிவப்பு விளக்கை ஊடுருவவிட்டுத்தான் ஆக்சிஜனைக் கணக்குப் போடுகிறது. 1974-இல் ஜப்பான்காரர் டகுவோ அயோயாகி கண்ட வழி அது. எங்கள் தியேட்டருக்கு அது வந்து சேர தொண்ணூறுகள் ஆனது. அதுவரை உதட்டின் உள்பக்கத்தையும், நகக்கண்ணையும், வெட்டிய இடத்தில் வருகிற ரத்தத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் ஓட்டினோம். நான் சேர்ந்தபோது ஈதர் என்ற பழைய மயக்க மருந்தின் காலம் முடிகிற தறுவாய். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் என் பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள், அப்படி ஒரு வாடை.

"மயக்க ஊசியப் போட்டுட்டு அந்த டாக்டர் போயிடுவாருல்ல?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். போகமாட்டார். ஒரு ஊசி போட்டு அது தீரும்வரை தூங்குவதில்லை. தூங்க வைப்பது ஒரு மருந்து, வலி தெரியாமல் செய்வது ஒன்று, தசையைத் தளர்த்துவது ஒன்று. தசையோடு மூச்சும் நின்றுபோவதால், பாயில்ஸ் என்ற மயக்க மருந்து மெஷின் மூச்சு விடுகிறது. (இப்போது கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் வந்துவிட்டன, நாங்கள் இன்னும் பாயில்ஸ் என்றுதான் சொல்வோம்.) சர்ஜன் கடைசித் தையல் போடும்வரை தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "சின்ன ஆப்பரேஷன்தானே" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண். கால் நகத்தை எடுக்கத்தான் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். 1848 ஜனவரி 28. சில நிமிடங்களில் போய்விட்டாள். குளோரோஃபார்மால் இறந்ததாகப் பதிவான முதல் ஆள். மயங்கிக் கிடந்தவளைத் தெளிய வைக்க வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றியிருக்கிறார்கள். குளோரோஃபார்மைக் கொண்டுவந்த சிம்சன், அதுதான் அவளைக் கொன்றது என்று வாதாடினார். யார் சொன்னது சரியோ, எனக்கு அந்தத் தண்ணீரும் பிராந்தியும்தான் உறுத்துகிறது. நம் ஊரிலும் மயங்கி விழுந்தவர் வாயில் சோடாவை ஊற்றுகிறோம். அந்தக் காவல்காரன் தூங்குவது இன்னும் நமக்குத் தெரியவில்லை.

சரி, நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஆப்பரேஷனுக்கு முதல் நாளாவது மயக்க மருந்து டாக்டர் நோயாளியை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும், அதில் கொஞ்ச நேரமாவது குடும்பத்தார் இல்லாமல். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, தனியாரில் பல நல்ல இடங்களிலும் இருக்கிறது. இல்லாத இடங்களைத்தான் சொல்கிறேன். படிவம் தமிழில் வேண்டும், ரேகை வைப்பதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். "சாப்பிடாதே" என்ற வரிக்குக் கீழே ஏன் என்று இரண்டு வரி. புரையேறுவதைச் சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். இன்னொன்று, காபி குடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று அந்த டாக்டர் என் கையில் பால்போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் என்ற தூங்க வைக்கும் மருந்தை ஏற்றினார். நரம்பு எரிந்துகொண்டு மேலே ஏறியது. "எரியுது சிஸ்டர்" என்றவர்களிடமெல்லாம் "அதெல்லாம் கொஞ்சம்தான்" என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் இல்லை. முருகா என்று சொல்ல நினைத்தேன், சொன்னேனா தெரியவில்லை. அடுத்த நொடி தொண்டை கரகரவென்று, உடம்பெல்லாம் குளிர்ந்து நடுங்க, "கண்ணத் திறங்கம்மா, முடிஞ்சிடுச்சு" என்று அதே குரல். தூங்கினால் இவ்வளவு நேரம் தூங்கினோம் என்று உடம்புக்குத் தெரியும். இதில் நேரமே இல்லை, யாரோ நடுவிலிருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டதுபோல.

வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். சர்ஜன் பெயர் கொட்டை எழுத்தில், பட்டங்களோடு. கல்லின் நீள அகலம்கூட இருக்கிறது. அனஸ்தீசியா என்ற இடத்தில் "ஜி.ஏ." என்று இரண்டே எழுத்து, முழு மயக்கம் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். ஒரு நன்றி சொல்லலாமே என்று மருத்துவமனைக்குப் போன் செய்து, எனக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டரின் பெயர் என்ன என்று கேட்டேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: "எதுக்கு மேடம், ஏதாவது கம்ப்ளெய்ன்டா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
பாளையங்கோட்டை.